உட்பிரிவு சாரும் ஒன்பதுக்கு அடுத்த பத்தும்

கடலூர் ரோட்டு பஸ்ஸில் எத்தனையோ கிறுக்கர்களோடு நான் போய் வந்திருக்கிறேன். ஆனால் உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் அப்பனுக்குக் கீழே, தன் அண்ணனுக்கு அடுத்தபடியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மழை பெய்யாது என்று மனதார நம்பியவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பாகூர் சுற்று வட்டாரம் முழுக்க அவர் உட்பிரிவு சார்.

எழுபதுகளின் கடைசியில் பாகூர்ப் பக்கம் ஓர் ஆபீசில் நான் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். நிலங்களின் பதிவு அட்டைகள் இருந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஓர் அட்டை. 47 என்ற நிலத்தின் சொந்தக்காரர் போய்ச்சேர்ந்து மூன்று பிள்ளைகளும் பாகம் பிரித்துக்கொண்டால் அந்த அட்டைக்குப் பின்னால் 47/1, 47/2, 47/3 என்று மூன்று அட்டைகள் வரும். மூன்றாமவனுடைய பிள்ளைகளும் ஒருநாள் பிரித்துக்கொள்வார்கள். 47/3அ, 47/3ஆ. இப்படிக் கிளை விட்டுக்கொண்டே போவதற்குத்தான் உட்பிரிவு என்று பெயர். முப்பது இழுப்பறை கொண்ட ஒரு மர அலமாரி நிறைய இந்த அட்டைகள். அதற்கு முன்னால் ஒரு முக்காலி. முக்காலியின்மேல் அவர்.

ஒல்லியான, உயரமான மனிதர். வலது கட்டைவிரலில் அட்டை புரட்டுவதற்கென்று ஒரு ரப்பர் உறை. சாப்பிடும்போது மட்டும் கழற்றுவார். நான் வேலையில் சேர்ந்த அன்று மற்றவர்கள் என் பெயரையும் ஊரையும் விசாரித்தார்கள். அரியாங்குப்பம் என்றேன். இவர் மட்டும் முக்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, வீட்டில் நான் எத்தனையாவது என்று கேட்டார். மூன்றாவது என்றேன். மேலே இரண்டு பேரும் இருக்கிறார்களா என்றார். இருக்கிறார்கள் என்றதும் பெரிய நிம்மதியோடு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை. தேவையான விவரம் கிடைத்துவிட்டதாம்.

சாப்பாட்டிலும் அதே கதைதான். சோறு அப்பன், குழம்பு மூத்தது, ரசம் நடு, மோர் கடைக்குட்டி. எங்கள் பியூன் ஏழுமலை ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் அவர் இலையில் ரசத்துக்கு முன்னால் மோரை ஊற்றிவிட்டார். உட்பிரிவு சார் கோபப்படவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். சாயங்காலம் வரை பசியோடு அட்டை புரட்டினார்.

தினமும் நாங்கள் வந்த பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். கிளம்பும்போது வாய்க்கு வந்தபடி, "கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம், பாகூர், தவளக்குப்பம்" என்று கூவுவார். பஸ் எப்படியும் ரோட்டில் உள்ள வரிசையில்தான் போகப்போகிறது, கூவினால் என்ன என்று ஊரே சும்மா இருந்தது. உட்பிரிவு சாரால் முடியவில்லை. முதலியார்பேட்டையில் ஏறியவுடன் எழுந்து நின்று, கண்டக்டர் கூவக்கூவத் திருத்துவார். பத்து நாள் பொறுத்துப் பார்த்த கண்டக்டர், பதினோராம் நாள் விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டுநருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று பஸ்ஸை அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், பாகூர் என்று முறைப்படி கூவி நடத்தியவர் இவர்தான். விசில் அடிக்க மட்டும் தெரியாமல், நிறுத்தங்களில் பஸ் பக்கவாட்டில் தட்டினார்.

மதகடிப்பட்டில் எங்கள் ஆபீஸ் கணக்கர் வீட்டுக் கல்யாணம். குடும்பப் போட்டோ எடுக்க எல்லோரும் மேடையில் நின்றார்கள். கீழே பந்திக்குக் காத்திருந்த உட்பிரிவு சார், பார்த்துக்கொண்டே இருந்தவர், விறுவிறுவென்று மேடை ஏறிவிட்டார். பெண்ணின் தாத்தாவை நடுவில் உட்காரவைத்தார். அவருடைய பிள்ளைகளை மூத்தது முதல் வலப்பக்கமாக நிறுத்தினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் அதனதன் பிள்ளைகள். போட்டோக்காரர் இரண்டு தடவை வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். இதில் இரண்டாவது மகனும் மூன்றாவது மகனும் ஒரு வரப்புத் தகராறில் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். மேடையின் இரண்டு கோடியில் நின்றுகொண்டிருந்தார்கள். உட்பிரிவு சாருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்கமாட்டார். இரண்டுக்கு அடுத்தது மூன்று. பிடித்து இழுத்துவந்து தோளோடு தோள் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாமவர் தம்பியிடம், "காலை மிதிக்கிற, தள்ளி நில்லு" என்றார். பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு அதுதான். சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

அட்டை அலமாரியை அவர் யாரையும் தொட விடமாட்டார். அதற்கும் காரணம் இருந்தது. ஒருமுறை அவர் கோர்ட்டு வேலையாக வில்லியனூர் போயிருந்தபோது, உதவி செய்கிறேன் என்று ஏழுமலை ஓர் இழுப்பறையைக் கவிழ்த்துப் புதிதாக அடுக்கிவைத்தார். 1, அதற்கு அடுத்து 10, அதற்கு அடுத்து 100, 101, அப்புறம் 11, 12, எல்லாம் முடிந்த பிறகு 2. மறுநாள் வந்தவர் இழுப்பறையைத் திறந்து பார்த்தார். ஏழுமலை வெகுளியாக விளக்கம் சொன்னார்.

"எல்லாம் ஒண்ணுலதான சார் ஆரம்பிக்குது. அதான் ஒண்ணா வச்சேன்."

அதைப் பிரித்து அடுக்க அவருக்கு ஒரு முழுநாள் ஆனது. நாங்கள் மாதக்கணக்கில் சொல்லிச் சிரித்தோம்.

எண்பதுகளின் நடுவில் டவுனிலிருந்து உத்தரவு வந்தது. நிலப் பட்டியல் எல்லாம் இனிமேல் கம்ப்யூட்டரில் ஏறும். இரண்டு இளைஞர்கள் ஸ்கூட்டரில் வந்து, அட்டைகளைப் பார்த்துப் படிவங்களில் எழுதிக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் உட்பிரிவு சார் இழுப்பறைகளைத் திறந்து திறந்து கொடுத்தார். கடைசி நாள், கண்ணாடி போட்ட இளைஞரிடம் போய், உங்கள் மிஷினில் ஒன்பதுக்கு அப்புறம் என்ன வரும் என்று கேட்டார். அந்த இளைஞர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பத்துதான் சார் வரும் என்றார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பை எங்கேயாவது கொண்டுபோய்ப் புதைக்கலாம் போல இருக்கிறது.

பட்டியல் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் உட்பிரிவு சாருக்கு அம்மை போட்டுவிட்டது. ஒருநாள்கூட லீவு போடாத மனிதர். ஏழுமலை இளநீர் வாங்கிக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் வழக்கமான நையாண்டி எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஒரே ஓர் அறையாம். ஒரு பாய், ஒரு பானை, ஒரு தட்டு. வேப்பிலைகூட ஏழுமலைதான் பறித்துப் போட்டாராம். ஊர்க்காரர்கள் அத்தனை பேரிடமும் நீ எத்தனையாவது என்று கேட்ட மனிதரிடம், நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று நாங்கள் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றுதான் ஏழுமலை கேட்டிருக்கிறார். கைக்குழந்தையாகக் கோயில் சத்திரத்து வாசலில் கிடந்தவராம். அதற்கு மேல் அட்டை இல்லை என்று சொன்னாராம்.

அவர் இல்லாத நேரத்தில்தான் பட்டியல் வந்தது. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட அகலமான தாள். முதலில் கரியமாணிக்கம் பக்கத்துப் பட்டியல். இருபது தாள். ஆபீஸ் வெராந்தா சுவரில் ஒட்டச் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டார். முப்பது நாளுக்குள் ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் அதுதான் முடிவான பட்டியல்.

இந்த அதிகாரி டவுனிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். நல்லவர்தான். ஆனால் வியர்வை தாங்காதவர், கம்ப்யூட்டர் தாளைத் தொடும்போது செருப்பைக் கழற்றிவிடுவாரோ என்று நாங்கள் சந்தேகப்படும் அளவுக்கு அதன்மேல் பக்தி உள்ளவர்.

ஜனங்கள் வந்து சுவரோரமாக நடந்தார்கள். இரண்டாம் நம்பர் நிலத்துக்காரர் முதல் தாளில் தேடினார். அது பதினோராம் தாளில் இருந்தது. இருநூறுக்கு மேலே உள்ளவர்கள் கடைசித் தாளுக்குப் போனார்கள். அங்கே தொண்ணூற்றொன்பது இருந்தது. திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர்கள்போல எல்லோரும் முன்னும் பின்னும் அலைந்தார்கள். கிடைத்தவர்கள் போனார்கள். கிடைக்காதவர்கள் எங்களிடம் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி அஞ்சலை. கரியமாணிக்கத்தில் அரைக் காணி நிலம். புருஷன் இறந்து மூன்று வருஷம். நம்பர் 112/10. கூடவே துணைக்கு என்று அவளுடைய கொழுந்தனும் வந்திருந்தார். அவருடையது 112/9, இவளுக்கு அடுத்த கொல்லை. எங்கள் உதவியாளர் ஒருவர் வெராந்தாவுக்குப் போய்ப் பார்த்தார். 112/2, 112/3 என்று ஆரம்பித்து 112/9 வரை இருந்தது. அதற்கு அடுத்த வரி 113. திரும்பி வந்து, பத்து இல்லையே என்றார். கொழுந்தன் அதை எழுதிக் கொடுத்தால் நல்லது, மனு போட வசதியாக இருக்கும் என்று பணிவாகக் கேட்டார். உதவியாளர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். 'மேற்படி எண் பட்டியலில் காணப்படவில்லை.' வெராந்தா என் நாற்காலியிலிருந்து பத்து அடி. நான் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. முத்திரை குத்தி நீட்டிய காகிதத்தைக் கொழுந்தன்தான் வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அஞ்சலை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே கொழுந்தன் நடுவரப்பை உழுதுவிட்டார். சர்க்காரே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது, ஒன்பதோடு பத்து சேர்ந்துவிட்டது என்று ஊரில் காகிதத்தைக் காட்டினாராம்.

இருபத்தெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, உட்பிரிவு சார் வேலைக்கு வந்தார். முகமெல்லாம் தழும்பு, உடம்பில் வேப்பிலை வாசனை. வெராந்தாவில் ஏறியவர் சுவரைப் பார்த்தார். முதல் தாளில் விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தார். 1, 10, 100, 101. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஓடிப்போய் என்ன என்று கேட்டோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. பக்கத்தில் செம்போடு நின்ற ஏழுமலையைப் பார்த்தார்.

"ஏழுமல, நீ எப்பப்பா அந்த மிஷினுக்குள்ள போன?"

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் அஞ்சலை வந்தாள். அவள் தினமும் வந்துகொண்டிருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்திருந்தவரிடம் போய் அவளும் உட்கார்ந்தாள்.

"சாரு, என் நெலம் எங்க போச்சு? நேத்துகூட அதுல நின்னுட்டுதான் வந்தேன். இவங்க இல்லன்றாங்க."

நம்பரை மட்டும் கேட்டுக்கொண்டு அவர் எழுந்தார். வெராந்தா மூலையில் ஒரு தூண் இருந்தது. தாள்கள் அங்கே திரும்பி அடுத்த சுவருக்குப் போயின. தூணுக்கு இந்தப்பக்கம் 112/2 தொடங்கும் தாள். அவர் தூணுக்கு அந்தப்பக்கம் போனார். முந்தின தாளின் அடியில் 112/1, அதற்குக் கீழே 112/10, 112/11, 112/12. பத்தாம் நம்பருக்கு நேராக அவள் பெயர். இருபத்தெட்டு நாளாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவளால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும். தன் பெயரை மெதுவாகப் படித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்தப் பத்து அடியைக் கடந்து வந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அதிகாரியிடம் போனோம். அவர் சமாதானமாகச் சொன்னார். பெயர் இருக்கிறது அல்லவா, காட்டியும் ஆயிற்று, இன்னும் என்ன. வரிசையை மாற்ற வேண்டுமென்றால் டவுனுக்கு எழுதலாம், மூன்று வாரத்தில் பதில் வரும். கம்ப்யூட்டர் கொடுத்த பட்டியலில் நாம் கை வைக்க முடியாது. உட்பிரிவு சார் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இந்தம்மாவுக்கு நான் தூணைச் சுத்திக் காட்டினேன் சார். இல்லன்னு கேட்டுட்டு வூட்டுக்குப் போனவங்களுக்கு யாரு காட்டுவா?"

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்பிரிவு சார் ஆபீசைத் திறந்தார். சொல்லாமலே ஏழுமலை வந்திருந்தார். நான் வந்ததற்குக் காரணம் நான் அடித்துக் கொடுத்த அந்தக் காகிதம். அஞ்சலை, தன்னோடு நடவுக்குப் போகும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சுவரிலிருந்து இருபது தாளையும் தண்ணீர் தெளித்து உரித்தோம். கத்தரிக்கோலால் ஒவ்வொரு வரியையும் தனித்தனித் துண்டாக வெட்டினோம். ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உட்பிரிவு சார் ஒவ்வொரு துண்டையும் தரையில் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டே போனார். ஒன்று, அதன் பிள்ளைகள். இரண்டு, அதன் பிள்ளைகள். துண்டு பறக்கக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி வைத்திருந்தோம். சித்திரை மாதம். வியர்வை சொட்டிவிடாமல் இருக்க அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குந்திக் குந்தி நகர்ந்தார். மத்தியானம் சாப்பாடு முடிந்து மூன்று மணி வாக்கில், அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கரியமாணிக்கமே விரித்துவைத்த மாதிரி கிடந்தது. பசை கிண்டிக்கொண்டிருந்தார் ஏழுமலை.

அப்போது கதவு திறந்தது. அதிகாரி. குடியிருப்பு ஆபீசுக்குப் பின்னால்தான். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். உள்ளே இருட்டு, புழுக்கம், ஏழு பேர். என்ன நடக்கிறது இங்கே என்று கேட்டுக்கொண்டே, பழக்க தோஷத்தில் கதவோரம் இருந்த ஃபேன் சுவிட்சைப் போட்டார்.

எங்கள் ஆபீஸ் ஃபேன் சாதாரணமாகச் சுற்றுவதற்கே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். அன்று உடனே சுற்றியது.

ஆயிரம் துண்டுகளும் ஒன்றாக எழுந்தன. ஒரு துண்டு அதிகாரியின் வியர்த்த நெற்றியில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு துண்டு பசைச் சட்டியில் விழுந்தது. ஏழுமலை பாய்ந்து சுவிட்சை அணைத்தபோது கரியமாணிக்கத்தில் ஒரு காணிகூடத் தன் இடத்தில் இல்லை. உட்பிரிவு சார் நடுவில் குந்தியபடியே இருந்தார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அவர் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அஞ்சலைதான் முதலில் குனிந்தாள். கையில் கிடைத்த ஒரு துண்டை ஏழுமலையிடம் நீட்டினாள்.

"நம்பர் வாணாம். பேரு இன்னா போட்டிருக்குது, அத்தப் படி."

ஏழுமலை படித்தார். அது வாய்க்கால் மதகுக்கு மேற்கே மூன்றாவது கொல்லை என்று அவள் தரையில் ஓர் இடத்தைக் காட்டினாள். அடுத்த பெயர். அது பனைமரத்துக்கு அந்தப்பக்கம், பெரியவன் பாகம் என்றாள் இன்னொருத்தி. அதற்குத் தெற்கால சின்னவன் பாகம், கிணறு அவனுக்குப் போச்சு என்றாள் மூன்றாமவள். அந்த ஊரில் அவர்கள் நால்வரும் கால் வைத்து நாற்று நடாத வயலே கிடையாது. பெயரைச் சொன்னால் போதும், அப்பன் யார், பிள்ளை யார், எந்த வரப்பு எங்கே முடிகிறது என்று வந்து விழுந்தது. உட்பிரிவு சார் முகத்திலிருந்து துண்டை எடுத்தார். வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு, அவர்கள் காட்டிய இடத்தில் துண்டுகளை வைக்க ஆரம்பித்தார். நம்பரைச் சரிபார்ப்பார், ஒவ்வொரு தடவையும் சரியாக இருக்கும், தலையை ஆட்டிக்கொள்வார். காலையில் அவருக்கு ஐந்து மணி நேரம் பிடித்த வேலை. இப்போது இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதிகாரி கதவோரமாகவே நின்றிருந்தார். கொஞ்ச நேரத்தில் நெற்றியில் ஒட்டியிருந்ததை எடுத்துப் படித்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். மதகுக்குக் கிழக்கே என்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குனிந்து அதன் இடத்தில் வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் சுவரில் பழைய செய்தித்தாள்மேல் ஒட்டிய புதிய பட்டியல் இருந்தது. கோணலும் மாணலுமாக, ஆனால் ஒன்று முதல் கடைசி வரை. நான் முதல் வேலையாக, முன்பு கொடுத்த கடிதம் தவறு என்று இன்னொரு கடிதம் டைப் அடித்து அதிகாரியிடம் நீட்டினேன். கையெழுத்தானது. கொழுந்தனை ஆள் அனுப்பி வரவழைத்தோம். வந்தவர் சுவரைப் பார்த்தார். ஒன்பதுக்குக் கீழே பத்து. உட்பிரிவு சார் கை நீட்டினார்.

"அந்தக் காயிதத்தக் குடுப்பா. அதுக்கு ஒரு எடம் இருக்குது."

வாங்கியவர் அதைக் கிழித்துப்போடுவார் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். அவர் 112/10 அட்டைக்குப் பின்னால் என் தப்பான கடிதத்தை வைத்தார். அதற்குப் பின்னால் திருத்திய கடிதத்தை வைத்தார். தப்பையும் அதன் பிள்ளையையும் பிரிக்கக் கூடாதாம். அந்த இழுப்பறையை யாராவது திறக்கும்போதெல்லாம் நான் டைப்ரைட்டர்மேல் குனிந்துகொள்வேன். அஞ்சலையின் வரப்பு அந்த வாரமே திரும்ப எழுந்தது. கொழுந்தனே மண் வெட்டிப் போட்டார் என்று கேள்வி.

பட்டியலை வெட்டியதற்கு டவுனிலிருந்து மெமோ வந்தது. அதோடு, வெட்டிய பைத்தியம் யார் என்று பார்க்கக் கண்ணாடி இளைஞரும் வந்தார். நல்ல பிள்ளை. சுவரைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மிஷின் நம்பர்களை எழுத்துபோல எடுத்துக்கொள்கிறது, முதல் இலக்கத்தைத்தான் முதலில் பார்க்கும், அதனால் பத்து இரண்டுக்கு முன்னால் போய்விடுகிறது என்று விளக்கினார்.

"டீஃபால்ட்டா அது அப்படித்தான் அடுக்கும் சார்."

"டீஃபால்ட்டுன்னா இன்னா தம்பி?"

"யாரும் எதுவும் சொல்லலைன்னா அதுவா செய்றது."

"அப்ப யாராவது சொல்லணும்" என்றார் உட்பிரிவு சார்.

இரண்டு பேரும் வெராந்தாவில் உட்கார்ந்து யோசித்தார்கள். ஒன்றை 001 என்றும் பத்தை 010 என்றும் எழுதிக் கொடுத்தால் மிஷின் ஏமாந்துவிடும் என்று இளைஞர் கண்டுபிடித்தார். முன்னால் எத்தனை சைபர் போட்டாலும் நிலம் கூடவும் கூடாது குறையவும் குறையாது என்பதில் உட்பிரிவு சாருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார். நாளைக்குப் பிள்ளைகள் பெருகி ஆயிரமாவது உட்பிரிவு வந்தால் என்ன செய்வது? இளைஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நாலு இலக்கமாகவே வைத்துக்கொள்ளலாம் சார் என்றார். அதிகாரி மெமோவுக்குப் பதில் எழுதியபோது, பட்டியல் வெட்டப்பட்டது தன் முன்னிலையில் என்று எழுதினார். அது முழுப் பொய்யும் இல்லை.

ஒரு மாதம் மொத்த ஆபீசும் சைபர் போட்டது. எங்களுக்கு அத்தோடு விட்டது. அவருக்கு விடவில்லை. லீவு விண்ணப்பத்தில் 0001 நாள் என்று எழுதினார். டீக்கடையில் 0002 டீ என்று சொன்னார் என்று ஏழுமலை சத்தியம் செய்கிறார். அதை நான் முழுக்க நம்பவில்லை.

சில வருஷம் கழித்து அவர் ரிட்டையர் ஆனார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் பேசுகிறவர்களைச் சர்வீஸ் வரிசைப்படி மாற்றி உட்காரவைத்து, தன் மாலையைத் தானே கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, இழுப்பறைச் சாவிகளை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஊழியர் பட்டியலைப் புதிதாக டைப் அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். முடித்துப் பார்த்தால், அதிகாரிக்குக் கீழே கணக்கர், கணக்கருக்குக் கீழே நேற்று ரிட்டையர் ஆகிப் போனவரின் பெயர். கிழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் விரல்கள் அங்கே போய் அவர் பெயரை அடித்துவிட்டன. மூன்றாவது தடவையும் அப்படியே வந்தது. அதற்குமேல் கிழிக்க மனம் வராமல் அதையே கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் வைத்தேன். அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.